பரிணாமத்தையும் கிளினிக்கையும் ஒரே ஆய்வில் சேர்ப்பது எப்படி: மலையகத்திலிருந்து ஒரு செய்முறை

மலையகத்துப் பிள்ளைகள் மருத்துவ பீடத்துக்கும் விஞ்ஞான பீடத்துக்கும் தாதியர் கல்லூரிக்கும் வருடா வருடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கடைசி வருடத்தில் ஆராய்ச்சித் தலைப்பு கேட்டால் பலரும் எழுதிக் கொடுப்பது ஒரே மாதிரிதான்: இன்ன தோட்டத்தில் பெண்களுக்கு இரத்தச்சோகை எத்தனை வீதம், இன்ன டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) எத்தனை பிள்ளைகள் எடை குறைவு. தேவையான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அதே மலையை ஏறி, அதே கையில் அதே ஊசியைக் குத்தி எடுக்கிற இரத்தத்தை வைத்தே இன்னும் பெரிய கேள்வி ஒன்றைக் கேட்கலாம். உடம்பு ஏன் இப்படி அமைந்தது என்கிற பரிணாமக் கேள்வியும், இந்த அக்காவுக்கு இன்றைக்கு மாத்திரை எழுதுவதா வேண்டாமா என்கிற கிளினிக் கேள்வியும் ஒரே ஆய்வுக்குள் வந்துவிடும்.

பரிணாம மருத்துவம் என்கிற இந்தத் துறை ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஒரு பாதுகாப்பு இருக்கக்கூடும் என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949 இலேயே எழுதினார், அரிவாள் செல் மரபணுவுக்கு அதை அந்தோனி அலிசன் 1954 இல் ஆபிரிக்காவில் காட்டினார். 1991 இல் ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற பரிணாமவியலாளரும் ரண்டோல்ஃப் நெஸி என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகுதான் இதற்குத் தனிப்பெயரும் தனி வகுப்புகளும் வந்தன. வரலாறு இவ்வளவு போதும். எப்படிச் செய்வது என்பதை ஒரே உதாரணத்தை வைத்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்கிறேன். உதாரணம்: ஹீமோகுளோபின், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம்.

கேள்வியை எங்கே தேடுவது

புத்தகத்தில் தேடாதீர்கள். கிளினிக் அட்டையில் இருக்கிற எண்ணில் தேடுங்கள். மருத்துவத்தில் எந்த வெட்டுப்புள்ளியை எடுத்தாலும், 'இதற்குக் கீழே நோய், இதற்கு மேலே சுகம்' என்று கோடு போட்ட இடத்தில் எல்லாம், மனித உடம்பைப் பற்றிய ஓர் அனுமானம் உள்ளே இருக்கும். அதை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த 12 கடல் மட்டத்துக்கு உரியது. உயரம் கூடக் கூடக் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறையும், சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டும், அதனால் செங்குருதிக் கலங்களும் கூடும். எனவே மலையில் வாழ்பவரின் அளவிலிருந்து கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் 12 உடன் ஒப்பிட வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய அட்டவணையில் 1,500 மீட்டருக்கு 0.5 கிராம், 2,000 மீட்டருக்கு 0.8 கிராம். 2024 இல் வந்த புதிய வழிகாட்டலில் 500 மீட்டரிலிருந்தே கழிக்கத் தொடங்குகிறார்கள், 1,500 முதல் 1,999 மீட்டர் வரை 1.1 கிராம்.

நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு 12.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை. பழைய அட்டவணைப்படி கழித்தாலும் 12 க்கு மேலேதான் நிற்பார். புதிய கணக்கில் 11.7, அதாவது இரத்தச்சோகை. ஒரே பெண், ஒரே இரத்தம், எந்த அட்டவணையைப் பிரிக்கிறோமோ அதைப் பொறுத்து நோயாளி ஆகிறார் அல்லது ஆகாமல் போகிறார். இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. காலையில் மேல்மலைக்கு ஏறிப் பின்னேரம் கூடையோடு இறங்கி வருகிறவருக்கு ஒரு கிராம் ஹீமோகுளோபின் என்றால் அது உடம்பில் தெரிகிற வித்தியாசம்.

இப்போது பரிணாமத்துக்கு வாருங்கள். இந்தத் திருத்த அட்டவணைக்குள் இருக்கும் அனுமானம், எல்லா மனித உடம்பும் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிப் பதில் சொல்லும் என்பது. அப்படி இல்லை என்று நமக்குத் தெரியும். அன்டீஸ் மலைவாசிகளுக்கு உயரத்தில் ஹீமோகுளோபின் நன்றாக ஏறுகிறது, திபெத்தியர்களுக்கு 4,000 மீட்டரில்கூட அந்த அளவுக்கு ஏறுவதில்லை. சிந்தியா பீல் என்ற மானுடவியலாளர் பல ஆண்டுகள் அங்கெல்லாம் போய் அளந்து காட்டிய வேறுபாடு இது. 2010 இல் வந்த மரபணு ஆய்வுகள் திபெத்தியரிடம் ஈபாஸ்1 என்ற மரபணுவில் இயற்கைத் தேர்வின் தடயத்தைக் கண்டன. அந்த வடிவம் டெனிசோவன் என்ற அழிந்துபோன மனிதக் குழுவிடமிருந்து கலப்பினால் வந்திருக்க வேண்டும் என்று 2014 இல் தெரிந்தது. எத்தியோப்பிய மேட்டுநிலத்து அம்ஹாரா மக்களிடமும் அன்டீஸில் காண்கிற அளவு ஏற்றம் இல்லை.

சரி, அப்படியானால் நம் கேள்வி என்ன? இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள். 'மலையகத் தமிழர் உயரத்துக்குத் தகவமைந்துவிட்டார்களா' என்று கேட்காதீர்கள். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820 களில், இடையில் இருப்பது எட்டுத் தலைமுறை போல. உயரமும் 2,000 மீட்டருக்குக் கீழேதான், உயர்மலைத் தகவமைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் பார்க்கத் தொடங்குவார்கள். இந்தக் காலமும் இந்த அழுத்தமும் ஒரு மரபணுவை மக்கள் முழுவதிலும் பரப்பப் போதாது.

கேட்க வேண்டியது இது: திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை என்று தமிழ்நாட்டின் வெப்பமான சமவெளிகளிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளுக்கு 500 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் ஹீமோகுளோபின் உண்மையில் எவ்வளவு ஏறுகிறது, உலக அட்டவணை சொல்வதற்குக் கூடவா குறைவா? மனித உடம்பின் நெகிழ்ச்சி மூதாதையரைப் பொறுத்து மாறுமா என்பது பரிணாமப் பக்கம். நாளைக்கு எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) கிளினிக்கில் யாருக்கு இரத்தச்சோகை என்று எழுதுவது என்பது மருத்துவப் பக்கம். ஒரே அளவீடு இரண்டுக்கும் பதில் சொல்லும்.

நம் இடத்தில் இயல்பாகவே அமைந்திருக்கும் ஒப்பீடு

தேயிலையையே நாம் உயரத்தை வைத்துத்தான் பிரிக்கிறோம். 600 மீட்டருக்குக் கீழே தாழ்நிலத் தேயிலை, 1,200 வரை நடுத்தரம், அதற்கு மேலே உயர்நிலம். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து லயன்களிலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பதுளை நகரை ஒட்டிய தோட்டங்களிலும், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளிலும் வாழ்வது பெரும்பாலும் ஒரே மூதாதையர் வழி, ஒரே மாதிரி வேலை, ஏறத்தாழ ஒரே மாதிரிச் சாப்பாடு. உயரம் மட்டும் படிப்படியாக மாறுகிறது. இப்படி ஓர் ஒழுங்கு வேறு பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் தேடினாலும் கிடைக்காது.

அதைவிட நல்லது ஒன்று உண்டு. கல்யாணம். கேகாலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து லிந்துலைப் பக்கம் வாக்கப்பட்டு வந்த பெண்ணும், அந்த லிந்துலை லயத்திலேயே பிறந்த அவருடைய நாத்தனாரும் இன்று ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஆனால் ஒருவரின் உடம்பு மட்டுமே குழந்தைப் பருவத்தை உயரத்தில் கழித்தது. இவர்கள் இருவருக்கும் ஹீமோகுளோபின் வேறுபட்டால் அது வளர்ச்சிக் காலத்தில் பதிந்த வேறுபாடா என்று கேட்கலாம். ஆகவே படிவத்தில் 'வசிக்கும் தோட்டம்' என்ற ஒற்றைக் கட்டத்தோடு நிறுத்தாதீர்கள். பிறந்த தோட்டம், பத்து வயதில் இருந்த இடம், இங்கே வந்த வயது, அம்மா பிறந்த இடம், நான்கையும் கேளுங்கள். இந்த நான்கு கட்டங்களுக்குக் காசு செலவே இல்லை, உங்கள் ஆய்வைப் பரிணாம ஆய்வாக மாற்றுவதும் இவைதான்.

சமவெளி ஒப்பீடும் வேண்டுமென்றால், 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. அதே மூதாதையர், தாழ்ந்த நிலம். ஆனால் வன்னி நீண்ட காலம் மலேரியாப் பிரதேசமாக இருந்தது, போரும் வறுமையும் அங்கே வேறு மாதிரி. இந்த ஒப்பீட்டை எடுத்தால் அந்தக் கணக்குகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஒரு கேள்வியை நான்காகப் பிரியுங்கள்

நிக்கோ டின்பெர்கன் 1963 இல் விலங்கு நடத்தையைப் பற்றி எழுதும்போது, ஓர் உயிரியல் பண்பைப் பற்றி 'ஏன்' என்று கேட்டால் அதற்குள் நான்கு தனிக் கேள்விகள் இருப்பதாகச் சொன்னார். எப்படி இயங்குகிறது, வாழ்நாளில் எப்படி உருவாகிறது, எதற்குப் பயன்பட்டது, எந்த வழியாக வந்தது. நம் உதாரணத்தில் எரித்ரோபொயட்டின் முதலாவது, வாக்கப்பட்டு வந்த பெண் இரண்டாவது, இரத்தம் தடிப்பாவதால் வரும் நன்மையும் தீமையும் மூன்றாவது, சமவெளி மூதாதையர் நான்காவது. உங்கள் தரவு எதற்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பட்டப்படிப்பு ஆய்வு என்றால் முதல் இரண்டுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொரு சோதனை. 'நான் சொல்வது பிழை என்றால் தரவில் என்ன தெரியும்?' இதற்கு உங்களால் ஒரு வரியில் பதில் எழுத முடியாவிட்டால் கையில் இருப்பது கருதுகோள் இல்லை, கதை. மலையகத்தில் இந்தக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1876 இலிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சத்தில் சிக்கனமான உடம்புக்காரர்கள் மட்டும் தப்பினார்கள், அதனால்தான் இன்று நமக்கு இவ்வளவு நீரிழிவு என்று யாராவது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஜேம்ஸ் நீல் 1962 இல் முன்வைத்த சிக்கன மரபணுக் கருத்தின் உள்ளூர் வடிவம் அது. ஆனால் அந்த மரபணு எது, பஞ்சத்துக்கு முன் அதன் வீதம் எவ்வளவு, பஞ்சம் தொடாத பக்கத்து மக்களிடம் அது குறைவா? எதற்கும் பதில் இல்லை என்றால் ஆய்வறிக்கையின் முன்னுரையில்கூட அதை எழுதாதீர்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்று 1992 இல் ஹேல்ஸும் பார்க்கரும் முன்வைத்த கருத்து சோதிக்கக்கூடியது. தோட்டங்களில் பிறப்பு எடை மிட்வைஃப் பதிவிலும் பிள்ளையின் வளர்ச்சி அட்டையிலும் இருக்கிறது. அந்தத் திசையில் போக விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஹீமோகுளோபினைக் குழப்புகிறவை

ஆய்வு நிற்பதா விழுவதா என்பது இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உயரத்தால் வந்த வேறுபாடு என்று நீங்கள் நினைப்பது வேறு எதனாலோ வந்திருக்கலாம்.

கொக்கிப்புழு. ரொக்கஃபெல்லர் நிறுவனம் இலங்கைக்கு வந்து கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதே நூறு வருடத்துக்கு முன் தோட்டங்களில்தான். இங்கே அதிகம் காணப்படுவது நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்ற வகை. ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது 0.03 மில்லிலீட்டர் போல மிகக் கொஞ்சம்தான், நூற்றுக்கணக்கில் இருந்தால் கதை வேறு. புழுக்குஞ்சு வளர வெதுவெதுப்பான ஈரமண் வேண்டும், நுவரெலியாவின் குளிர் அதற்கு ஒத்துவராது. அப்படியென்றால் கீழ்த்தோட்டத்தில் ஹீமோகுளோபின் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருப்பதற்குப் புழுவே காரணமாக இருக்கலாம், உயரம் சும்மா பெயர் வாங்கும். மலம் பார்த்தே ஆக வேண்டும். மலத்தை ஸ்லைடில் பரப்பி முட்டைகளை எண்ணும் காட்டோ-காட்ஸ் முறையில் செய்தால் கொக்கிப்புழு முட்டைகள் ஸ்லைட் தயாரித்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மேல் டிவிஷனில் ஸ்லைட் போட்டு வேனில் பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எல்லாம் 'இல்லை' என்றுதான் வரும். நுண்ணோக்கியை டிஸ்பென்சரிக்கே கொண்டு போங்கள்.

புழுவில் தனி ஆய்வுக்கே விஷயம் இருக்கிறது. ஒரே இரசாயன வகையைச் சேர்ந்த மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததால் ஆட்டுப் புழுக்கள் அல்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு மசியாமல் போனது உலகம் முழுக்க நடந்த பரிணாமம், அமெரிக்காவில் பந்தய நாய்களின் கொக்கிப்புழுக்களிடமும் இப்போது பல மருந்துகளுக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் பாடசாலையிலும் கிளினிக்கிலும் அதே வகை மருந்துதான். மருந்துக்கு முன் முட்டை எண்ணிக்கை, மருந்து கொடுத்து 14 முதல் 21 நாளில் மறு எண்ணிக்கை, எவ்வளவு குறைந்தது என்ற வீதம்: இதை ஒரு சில தோட்டங்களில் ஒழுங்காக எடுத்து வைத்தாலே பிற்காலத்தில் வருகிறவர்கள் ஒப்பிட ஓர் அடித்தளம் கிடைக்கும். மனிதரில் இருநூறு வருடம் போதாத பரிணாமத்துக்குப் புழுவில் சில பத்தாண்டுகள் போதும் என்பதால் இதைப் பரிணாமப் பக்கத்துக்கு மிக நல்ல தலைப்பாக நான் நினைக்கிறேன்.

தலசீமியா சுமப்பவர்கள். இவர்களுக்குச் செங்குருதிக் கலம் சிறியதாகவும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவும் இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறாது. இலங்கையில் இந்த மரபணுக்கள் தங்கியதற்கு மலேரியாவே காரணம் என்பது பொதுவான விளக்கம். 1934-35 கொள்ளைநோயில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள், கேகாலை, குருணாகல் பக்கம் கடுமையாக அடித்தது, உயர்மலை பெரும்பாலும் தப்பியது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியா போய்விட்டது, அது விட்டுச்சென்ற மரபணு கிளினிக்கில் இன்னும் இருக்கிறது. டேவிட் வெதரால் குழு இலங்கை மருத்துவர்களோடு சேர்ந்து ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா (இரண்டு மரபணு மாற்றங்கள் ஒருவரிடம் சேர்ந்து வரும் நோய்) நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஒரே மரபணு வடிவம் இருந்தும் சிலருக்கு மாதா மாதம் இரத்தம் ஏற்றத் தேவையில்லை என்று காட்டியது. பரிணாமமும் கிளினிக்கும் எப்படி ஒன்றுக்கொன்று உதவும் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் முன்மாதிரி அது. உங்கள் ஆய்வில் முழுக் குருதிக் கணக்கைப் பாருங்கள், எம்.சி.வி. (செங்குருதிக் கலத்தின் சராசரிப் பருமன்) 80 க்கும் எம்.சி.எச். (ஒரு கலத்திலுள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27 க்கும் கீழே இருப்பவர்களுக்கு ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 அளவை எடுங்கள், 3.5 வீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியா சுமப்பவராக இருக்கலாம். மலையகத் தமிழரின் மூதாதையர் இந்த மலேரியாப் பிரதேசத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், ஆகவே தீவின் மற்றப் பகுதிக்கான வீதத்தை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

இரும்பு. இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின் லீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புச் சேமிப்பு குறைவு என்பார்கள். ஆனால் உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் ஏறிவிடும், சேமிப்பு காலியாக இருந்தாலும் நிறைந்த மாதிரிக் காட்டும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் உடம்பு அதை ஒளித்து வைக்கிற பழைய தற்காப்பு இது, ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் அதை நடத்துகிறது. எனவே ஃபெரிட்டினோடு அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையும் எடுக்காவிட்டால் ஃபெரிட்டின் காசு வீண். இந்தத் தற்காப்பை மறந்தால் கிளினிக்கில் என்ன ஆகும் என்பதை 2006 இல் தன்சானியாவின் பெம்பா தீவு ஆய்வு காட்டியது: மலேரியா மிகுந்த அந்தத் தீவில் இரும்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் சிறுபிள்ளைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தபோது ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் இறப்பும் கூடின. இதை லயத்தில் போய்ச் சொல்லி யாருடைய மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். இங்கே மலேரியா இல்லை, கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைக் கர்ப்பிணிகள் எடுக்கத்தான் வேண்டும்.

அப்புறம் வெறுந்தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடித்தால் தாவர உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், எத்தனை கோப்பை என்பதோடு எப்போது குடிக்கிறார் என்றும் கேளுங்கள். விறகடுப்புப் புகை: கார்பன் மொனொக்சைட் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால் உடம்பு அதை ஈடுசெய்ய ஹீமோகுளோபினைக் கூட்டக்கூடும், புகைபிடிப்பவர்களுக்கும் இதே காரணத்துக்காகத்தான் தனித் திருத்தம் இருக்கிறது. குளிர்ந்த மலையில் அடுப்பு அதிக நேரம் எரியும் என்பதை மறக்க வேண்டாம்.

அளவெடுப்பில் ஒரே பிடிவாதம்: விரல்நுனித் துளியை நம்பாதீர்கள். விரலை அமுக்கி எடுக்கும் துளியில் திசுநீர் கலந்து அளவு தடுமாறும், அரை கிராம் வித்தியாசத்தைத் தேடும் ஆய்வுக்கு அது ஆகாது. நாளத்து இரத்தம், இயந்திரக் கணக்கு. உயரத்தைத் தோட்டத்தின் பெயரை வைத்து ஊகிக்காமல் ஒவ்வொரு லயத்திலும் நின்று எடுங்கள். ஒரே தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

யாரைச் சேர்த்துக்கொள்வது

இரண்டு மேற்பார்வையாளர்கள் வேண்டும், ஒருவர் போதவே போதாது. குருதியியல் அல்லது பொது மருத்துவ நிபுணர் ஒருவர், பரிணாமம் அல்லது மரபியல் கற்பிக்கும் விஞ்ஞான பீட விரிவுரையாளர் ஒருவர். இரண்டு பேரையும் முதல் மாதத்திலேயே ஒரே மேசையில் உட்கார வையுங்கள். மருத்துவருக்கு 'நாளைக்கு நான் என்ன மாற்றிச் செய்ய வேண்டும்' என்ற கேள்வியும், உயிரியலாளருக்கு 'மாற்று விளக்கம் என்ன' என்ற கேள்வியும் இயல்பாக வரும், இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் ஆய்வு கூர்மையாகும். புள்ளியியலாளரை மாதிரி எடுத்த பிறகு தேடிப் போகாதீர்கள். ஒரே லயத்துக்காரர் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள், நூறு பேர் எடுத்தாலும் அது தனித்தனி நூறு பேருக்குச் சமமாகாது. அதனால் எத்தனை பேர் என்பதைவிட எத்தனை தோட்டம், எத்தனை உயரம் என்பது முக்கியம், அதை முன்பே கணக்கிட வேண்டும்.

மரபணுத் தரவு வேண்டுமென்று உடனே யோசிக்க வேண்டாம். 1000 ஜீனோம் திட்டத்தில் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர் என்று ஒரு தொகுதி இலவசமாகக் கிடைக்கிறது, பழகுவதற்கு நல்லது. ஆனால் அவர்களை மலையகத்துக்குப் பதிலாக வைக்க முடியாது. தெற்காசியாவில் தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே மணமுடித்த சமூகங்களின் மரபணு வரலாறு தனித்தனியானது. தென்னிந்திய வைசிய சமூகத்தில் ஒரு நொதிக் குறைபாடு கூடுதலாக இருப்பதால், சத்திரசிகிச்சையில் கொடுக்கும் ஒரு வகைத் தசைத்தளர்த்தி சிலருக்கு நீண்ட நேரம் தெளியாது. பக்கத்து ஊர்ச் சமூகத்தில் அது அரிது. 'தமிழர் மரபணு' என்று ஒற்றையாக எழுதும் வரிகளை அடித்துவிடுங்கள்.

அனுமதி வேறு, சம்மதம் வேறு

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதி, தோட்ட நிர்வாகத்தின் அனுமதி, இவை மூன்றும் கையில் வருவதற்கு மாதக்கணக்காகும். அந்தக் காலத்தைத் திட்டத்தில் போடுங்கள். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்தாலும் ஓர் ஆளின் கையில் ஊசி குத்துவதற்கான உரிமை ஆகாது.

தோட்டத்தில் துரை சொன்னால், கணக்கப்பிள்ளை பெயர் வாசித்தால், வரிசையில் வந்து நிற்பது பழகிப்போன விஷயம். அப்படி வருகிறவர் கையை நீட்டுவதைச் சம்மதம் என்று எழுதுவது பாவம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வைத்து இரத்தம் எடுக்காதீர்கள், நிர்வாகத்து ஆட்கள் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அல்லது வேலை முடிந்த பிறகு, கோவில் மண்டபத்திலோ புள்ளமடுவத்திலோ (பிள்ளைக் காப்பகம்) வையுங்கள். வேலைநாளில் வரச்சொன்னால் அரைப் பேர் (அரை நாள் கூலி) போகும், அந்தக் காசை நீங்கள் கொடுக்க வேண்டும், அதை வரவுசெலவில் எழுதுங்கள். படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து நீங்கள் வாயால் மொழிபெயர்ப்பது ஏற்கத்தக்கதில்லை. தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில். 'வேண்டாம் என்று சொன்னால் கிளினிக்கில் எதுவும் குறையாது, வேலையிலும் எதுவும் ஆகாது' என்ற வரி முதலில் வரட்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க வாசித்துக் காட்டுங்கள்.

'அக்கா, இந்த இரத்தத்தை வைத்து என்ன பார்க்கப் போகிறோம் தெரியுமா?' என்று கேட்டு அவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது சரியாக இல்லையென்றால் மறுபடி விளக்குங்கள், அவசரப்பட்டுப் பெருவிரல் பதிக்க வேண்டாம்.

தலசீமியா முடிவு சாதாரண முடிவு இல்லை. ஒரு பெண் சுமப்பவர் என்று லயத்தில் தெரிந்தால் அவள் கல்யாணம் நின்றுபோகலாம், ஆகவே அதை ஆளிடம் தனியாக, ஆலோசனை சொல்லத் தெரிந்தவரை வைத்து மட்டும் சொல்ல வேண்டும். தாயிடமோ மாமியாரிடமோ வெல்ஃபெயார் ஐயாவிடமோ (தோட்ட நலன்புரி அலுவலர்) கொடுத்தனுப்பக் கூடாது. சுமப்பவர் என்பது நோயாளி என்று அர்த்தமில்லை, இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் மட்டுமே பிள்ளைக்குக் கடுமையான நோய் வரும் வாய்ப்பு, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. இதைத் தெளிவாகச் சொல்ல உங்களிடம் ஆள் இல்லையென்றால் அந்தச் சோதனையை ஆய்விலிருந்து எடுத்துவிடுவதே மேல். சாதி கேட்கும் கட்டம் போடாதீர்கள், தோட்டத்தின் பெயரை அறிக்கையில் அச்சிடாதீர்கள். இரத்த மாதிரி வெளிநாட்டுக்குப் போகிறதென்றால் அது எங்கே, எவ்வளவு காலம், வேறு எதற்குப் பயன்படும் என்பது சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

எழுதும்போது

முடிவை மூன்று கணக்கிலும் கொடுங்கள்: திருத்தம் இல்லாமல், பழைய அட்டவணைப்படி, 2024 அட்டவணைப்படி. வாசிக்கிற டொக்டருக்கு வித்தியாசம் ஒரு பார்வையில் தெரியும். உயரத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் தொடர்பே இல்லை என்று வந்தாலும் அதை மறைக்காமல் எழுதுங்கள், நம் மக்களில் ஏற்றம் சிறியது என்பதும் ஒரு கண்டுபிடிப்புத்தான். ஆனால் ஒரே நாளில் எல்லோரையும் அளந்த ஆய்வை வைத்துக்கொண்டு 'அட்டவணையை மாற்றுங்கள்' என்று எழுத முடியாது. எந்த அளவுக்குக் கீழே உண்மையிலேயே இரும்பு தீர்ந்திருக்கிறது என்று ஃபெரிட்டினை வைத்துக் காட்டலாம், அவ்வளவு தூரம் போகலாம்.

ஹீமோகுளோபின் குறைவாக வந்தவர்களின் பட்டியலை ஆய்வு முடியும்வரை வைத்திருக்காதீர்கள். முடிவு வந்த அதே வாரம் ஆளுக்கு ஒரு தமிழ்த் துண்டுக் கடிதம், கிளினிக் நாளும் எங்கே போக வேண்டும் என்பதும் எழுதி. மிக்க குறைவாக இருப்பவரை நீங்களே எம்.ஓ.எச். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி எம்.ஓ.எச்.சுக்கும், டிஸ்பென்சரி டாக்டரையாவுக்கும், அந்தப் பகுதி மிட்வைஃபுக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும் கொடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கோவில் மண்டபத்துக்குப் போய், இரத்தம் கொடுத்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதில் எது உங்களுக்குத் தெரியவில்லையோ, அதைக் குறித்து வைத்துக்கொண்டு வாருங்கள், அடுத்த வருடம் தலைப்புத் தேடுகிற தம்பி தங்கைக்கு அந்தத் தாளைக் கொடுக்கலாம்.